வாட்ச் கணக்குக்கு வட்டல் சோறு

நடந்தா எத்தனை கலோரி எரியும்னு யாராச்சும் எங்கிட்டக் கேட்டா எனக்கு இப்பவும் சுர்ருனு ஏறுது. போன மாசம் ராசிபுரத்துல ஒரு கல்யாணம். பந்தியில பக்கத்துல உக்காந்த அம்மா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, காலையில நானூறு எரிச்சுட்டேனுங்க, அதனால ரெண்டு ஜாங்கிரி திங்கலாம்னு சந்தோசமாச் சொன்னாங்க. நான் இலையை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். அந்தம்மா பாவம், எதுவும் தெரியாதவங்க. ஆனா அந்தக் கணக்கைக் காதுல கேக்கவே எனக்கு ஆகாது. அந்தக் கணக்குலதான் என் தம்பிக்கு அரை வருசம் போச்சு.

என் தம்பி எடப்பாடியில விசைத்தறி போட்டிருக்கறான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவன் கல்யாணத்துல இணைச்சீருக்கு உக்காந்தவ நான்தான். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கச்சி உறவு அத்துப் போகக்கூடாதுன்னு எங்க பக்கம் செய்யற சீர் அது. கூடையைத் தலையில சுமந்துக்கிட்டு, பட்டுச்சேலை கட்டி, ஊரே பார்க்க நின்னேன். அப்படி நின்னவளுக்கு, தம்பிக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுன்னு போன் வந்தா எப்படி இருக்கும்? தறிச்சத்தத்துக்கு நடுவுல அவன் தலை சுத்தி விழுந்திருக்கறான். சேலத்துக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தா, ரத்தக்கொதிப்பு கேக்காம ஏறி ரெண்டையும் தின்னு முடிச்சிருக்குது. அதுக்கப்புறம் ஒண்ணு விட்டு ஒரு நாள் சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் மிசின்ல படுக்கறதுதான் அவன் பொழைப்பு. மாத்துக் கிட்னி வெச்சாத்தான் மனுசனா நடமாடுவான்னு டாக்டர் சொல்லிட்டார்.

சொந்தக்காரங்க, ஒறம்பரை எல்லாம் அவன் ஊட்டுல கூடுச்சு. யாரு குடுக்கறதுன்னு பேச்சு. சித்தப்பா மகனுக்குச் சர்க்கரை. பெரியப்பா மகன் அன்னைக்கு வரவே இல்லை. தம்பி பொண்டாட்டிக்குக் குழந்தைங்க சின்னது, அவளை இதுல இழுக்காதீங்கன்னு ரெண்டு பேர் சொன்னாங்க, எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் தலையாட்டுனேன். நான் குடுக்கறேன்னு சொன்னேன். சொன்னதும் அத்தனை பேரும் என்னைப் பார்க்கலை. என் ஊட்டுக்காரரைப் பார்த்தாங்க.

எங்க ஊட்டுக்காரர் மல்லசமுத்திரம் பக்கத்துல முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறார். நாலு பேர் கூடுன எடத்துல மரியாதை குறையாம நடந்துக்கற ஆளு. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அவ தம்பிக்கு அவ குடுக்கறா, இதுல நான் குறுக்க நிக்க என்ன இருக்குதுன்னு சொன்னார். சபையில ஒரே புகழ்ச்சி. மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்னு ஒரு பெரியவர் கண்ணைத் தொடச்சுக்கிட்டார். எனக்கும் பெருமைதான். இல்லைன்னு சொன்னாப் பொய்.

டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க. ரத்தம் சேர்ந்துச்சு, கிட்னி சேர்ந்துச்சு, எல்லாம் சேர்ந்துச்சு. எடை மட்டும் சேரலை. பத்து கிலோ குறைச்சுட்டு வாங்கன்னு டாக்டர் சொன்னார். இந்த எடையோட உங்களை அறுத்து ஒரு கிட்னியை எடுத்தா நாளைக்கு நீங்களே இங்க பேசண்டா வருவீங்க, அந்தப் பாவத்தை நான் சுமக்க மாட்டேன்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். தம்பியை வெச்சுக்கிட்டு நெம்ப நாள் இழுக்காதீங்கன்னும் சொன்னார்.

நான் குண்டுதான். ரெண்டு புள்ளை பெத்து, ஒருத்தி சேலத்துல காலேஜ் படிக்கறா, ஒருத்தன் பள்ளிக்கூடம் போறான். குண்டா இருந்ததுக்கு அதுவரைக்கும் யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்னையிலிருந்து ஆளாளுக்கு என் உடம்பைப் பத்திப் பேச உரிமை வந்துருச்சு. பால் ஊத்த வர்றவர்கூட, சோத்தைக் குறைங்க அக்கான்னு சொல்லிட்டுப் போனார்.

மறுநாளே எங்க ஊட்டுக்காரர் நாமக்கல் போய் ஒரு வாட்ச் வாங்கிட்டு வந்தார். கையில கட்டுனா எவ்வளவு தூரம் நடந்தே, எத்தனை கலோரி எரிஞ்சுதுன்னு காட்டும். அவர் போன்ல அதைச் சேர்த்து, அவரே எல்லாத்தையும் பதிஞ்சார். எங்க ஊட்டுல கேஸ் கனெக்சன், கரண்ட் சர்வீஸ், என் செல்போன் சிம் வரைக்கும் அவர் பேர்லதான். எங்க பக்கம் எல்லா ஊட்டுலயும் அப்படித்தான். அதனால வாட்சும் அவர் பேர்ல ஏறுனதை நான் ஒரு சங்கதியாவே நினைக்கலை. பேரு யாருதா இருந்தா என்ன, நடக்கறது நான்தானேன்னு இருந்துட்டேன்.

காலையில எந்திரிச்சதும் பண்ணையிலிருந்து தார்ரோடு வரைக்கும் போய், ரோட்டோரமா நடந்து திரும்புவேன். சும்மா இல்லை, வேர்த்து ஊத்த நடப்பேன். முட்டை லாரிக்காரங்க ஆரன் அடிச்சு வேடிக்கை பார்ப்பாங்க. பொழுதோட இன்னொரு நடை. ஊட்டுக்கு வந்ததும் அவர் என் கையைப் புடிச்சு வாட்சைப் பார்ப்பார். இன்னைக்கு அறுநூறு, இன்னைக்கு எழுநூறுன்னு சத்தமாப் படிப்பார். எனக்கு உச்சி குளுந்து போகும்.

அந்த வாட்ச் லட்சணம் எனக்குப் போகப் போகத்தான் தெரிஞ்சுது. குண்டும் குழியுமான பண்ணைத் தடத்துல மொபெட்ல உக்காந்து போனா, நான் நடக்கறதா அது எழுதிக்கும். ரெண்டு கையிலயும் முட்டை அட்டையை அடுக்கிப் புடிச்சுக்கிட்டு, கை அசையாம கோழிச் செட்டு நீளத்துக்கும் நடந்து நடந்து முதுகு விட்டுப் போனா, அதுக்கு நான் சும்மா நிக்கறதாக் கணக்கு. கேட்டா மிசின் பொய் சொல்லாதுங்கறார் எங்க ஊட்டுக்காரர். மனுசன் சொல்லிக்குடுத்த பொய்யைத்தானே மிசின் சொல்லும், அது எனக்கு அப்பப் புரியலை.

இதுக்குள்ள ஊட்டுல ஒரு அதிசயம் நடந்துச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல அடுப்பு எந்தப் பக்கம் எரியுதுன்னு தெரியாத மனுசன், எனக்குச் சமைக்க ஆரம்பிச்சார். நீ நடந்து களைச்சு வாரே, உனக்கு நான் போடறேன்னார். எரிஞ்சது எவ்வளவோ அவ்வளவு உள்ள போகணும், இல்லைன்னா உடம்பு விட்டுப் போயிரும், ஆபரேசனுக்குத் தாங்காதுன்னு டாக்டரே சொன்ன மாதிரிச் சொன்னார். வாட்ச் அறுநூறு காட்டுனா அறுநூறுக்குச் சாப்பாட்டுத் தட்டுல, எங்க பேச்சுல வட்டல்ல, வந்து விழும். முறுவலா நெய்தோசை, அவிச்ச முட்டை, நிலக்கடலை வறுத்து வெல்லத்தோட இடிச்ச உருண்டை, தயிர்ல ஊறுன ராகிக்களி. தீவனத்துல மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவுன்னு கலந்து பழகுன கை அது. அளவு தப்பாது.

நான் ஒரு மடச்சி, இதை ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க ஊட்டுக்காரர் ஆக்கிப் போடறாருன்னு தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் அந்தப் பக்கம் தேம்பறது கேட்டுச்சு. உறவுக்காரப் பொம்பளைங்க, குடுத்து வெச்ச மகராசின்னு மூக்கு மேல விரலை வெச்சாங்க.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் எடை போட்டப்ப ஒரு கிலோ குறைஞ்சிருந்துச்சு. ரெண்டாவது தடவை அந்த ஒரு கிலோ திரும்பி வந்திருந்துச்சு. மூணாவது தடவை அதே எடத்துல நின்னுச்சு. நர்சு என்னை மேலயும் கீழயும் பார்த்து, ராத்திரியில எந்திரிச்சு ஏதாச்சும் திம்பீங்களாம்மான்னு கேட்டாங்க. எங்க ஊட்டுக்காரர் என் பின்னாடிதான் நின்னார். நான் தினமும் வேர்த்து நடக்கறதைப் பார்த்த மனுசன், அவ திருடித் திங்கறவ இல்லைங்கன்னு ஒரு வாய் சொல்லலை. அன்னைக்கே எனக்கு ஒறைச்சிருக்கணும்.

அந்த வாரம் தம்பி பொண்டாட்டி போன் பண்ணுனா. தம்பிக்கு மூச்சு வாங்குது, கால் வீங்கிக்குதுன்னு சொன்னவ, கடைசியா, "மனசில்லைன்னா வாயால சொல்லிருங்க நங்கையா. எங்களை இப்படி நம்ப வெச்சு இழுக்காதீங்க"ன்னா.

போனை வெச்சுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன். அழுகையை விட ஆத்திரம்தான் நெம்ப. அவ மேல ஆத்திரம், நர்சு மேல ஆத்திரம், என் தொடை மேல, இடுப்பு மேல ஆத்திரம். அதுக்கோசரம் அடுத்த நாளிலிருந்து மத்தியானமும் நடந்தேன். வெயில்ல நடந்து கண்ணு இருட்டிக் கீழ உக்காந்துக்கிட்டேன். வாட்ச் ஆயிரம் காட்டுச்சு. ஆயிரத்துக்கு வட்டல்ல வந்து விழுந்துச்சு.

காலேஜ் லீவுக்கு மகள் வந்தா. அப்பன் போனை வாங்கி ஏதோ பார்த்துக்கிட்டிருந்தவ திடீர்னு சிரிச்சா. அம்மா, இதுல நீ ஆம்பளைன்னு இருக்குது, ஆறடி உசரம், நூத்திப்பத்துக் கிலோன்னு இருக்குதுன்னா. அது அத்தனையும் எங்க ஊட்டுக்காரரோட உடம்பு. அந்த உடம்பு நடந்தா எவ்வளவு எரியுமோ அதைத்தான் அது எனக்குக் காட்டிக்கிட்டிருந்திருக்குது. அது மட்டும் இல்லை. சும்மா படுத்துக் கிடந்தாலும் மூச்சு விடறதுக்கும் ரத்தம் ஓடறதுக்கும் உடம்பு எரிக்குமே, அதையும் நடையோட சேர்த்துத்தான் இது காட்டுது, அந்தக் கணக்கைப் பார்த்துத் திரும்பத் தின்னா எப்படிம்மா குறையும்னு கேட்டா. அவளே எல்லாத்தையும் அழிச்சு என் உசரம், என் எடை, என் வயசு போட்டுக் குடுத்தா. அன்னைக்குப் பொழுதோட நடந்துட்டு வந்தா, எழுநூறு காட்டற எடத்துல ஐநூறுகூட வரலை.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி. என் மேல தப்பில்லை, நான் திருடித் திங்கலை, என் உடம்புக்குச் சூன்யம் இல்லை. பேர் பதிஞ்சதுல வந்த வினை, எல்லா ஊட்டுலயும் நடக்கற கூத்துதான்னு சிரிச்சோம். எங்க ஊட்டுக்காரரும் சிரிச்சார். அட, அதைப் பார்க்கலையேன்னு நெத்தியில தட்டிக்கிட்டார்.

மறுநாள் வட்டல் வந்துச்சு. தோசை குறையலை. நெய் குறையலை. கடலை உருண்டையும் இருந்துச்சு.

ஒரு நாள் பொறுத்தேன், மறதின்னு நினைச்சேன். அடுத்த நாளும் அதேதான். நான் வட்டலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்க பண்ணையில வாரம் ஒருக்காக் கூண்டுக்குக் கூண்டு கொஞ்சம் கோழியைப் புடிச்சு எடை போடுவாங்க. எடை ஏறுனாலும் முட்டை குறையும், எறங்குனாலும் குறையும். அதனால ஒரே எடையில நிறுத்தணும். எடையைப் பார்த்ததும் அன்னைக்கே தீவனத்தை மாத்திக் கலக்கறவர் எங்க ஊட்டுக்காரர். ஒரு செட்டு பூராக் கோழியை ஏறவும் விடாம எறங்கவும் விடாம மாசக்கணக்குல புடிச்சு நிறுத்தறதுல இந்தச் சுத்துவட்டாரத்துல அவருக்கு ஈடு ஆளே இல்லை. பக்கத்துப் பண்ணைக்காரங்க வந்து யோசனை கேட்டுக்கிட்டுப் போவாங்க. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு, மூணு தடவை எடை போட்டும் அசையாம நிக்கற பொண்டாட்டிக்குத் தீனியைக் குறைக்கணும்னு தெரியாதா?

வட்டலைத் தள்ளி வெச்சேன். மெதுவாத்தான் கேட்டேன். "ஏனுங்க, என்ற எடை எறங்கக்கூடாதுன்னே போட்டீங்களா?"

அவர் கோவப்படலை. மழுப்பவும் இல்லை. கரண்டியைக் கழுவி வெச்சுட்டு எதுத்தாப்புல உக்காந்தார். "அத்தனை பேர் கூடுன சபையில முடியாதுன்னு எப்படிச் சொல்றது புள்ள? என்ற வாயால சொல்ல வேண்டாம், உன்ற எடையே சொல்லிக்கட்டும்னு விட்டேன்"ன்னார்.

அதுக்கப்புறம் அவர் என்னென்னமோ சொன்னார். ஒரு கிட்னியைக் குடுத்துட்டு நீ சீக்காப் படுத்துட்டா பண்ணையை யாரு பார்ப்பா, புள்ளைங்களை யாரு பார்ப்பா, நான் எங்க போவேன்னார். அந்த வரிசையை நான் கவனிச்சேன். பண்ணை, புள்ளைங்க, அப்புறம் அவர். பயம்னு சொன்னார். அவருக்குப் பயம் இருந்துச்சுங்கறதை நான் நம்பறேன். பயந்தவன் வாயைத் தொறந்து பயமா இருக்குதுன்னு சொல்லணும். நெய்யை ஊத்தி என்னை என் தம்பிகிட்டயும் அவன் பொண்டாட்டிகிட்டயும் நர்சுகிட்டயும் திருடியாக்கக் கூடாது. நான் ருசிச்சுத் தின்னேன் பாருங்க, அதுதான் எனக்கு இப்பவும் ஆறலை.

அன்னையோட வாட்சைக் கழட்டிட்டேன். என் சோத்தை நானே ஆக்கிக்கிட்டேன். ஒரு அடுப்படியில ரெண்டு சமையல் நடந்துச்சு. நான் மோரும் கீரையும் கொஞ்சம் சோறும் கொள்ளுப்பருப்புமா உண்டேன். எவ்வளவு எரிஞ்சுதுன்னு யாரையும் கேக்கலை. மூச்சு வாங்கற வரைக்கும் நடந்தேன், பசி அடங்கற முன்னாடியே கை கழுவினேன். டாக்டர்கிட்ட வாட்ச் சங்கதியை மட்டும் சொன்னப்ப, அது குத்துமதிப்பும்மா, அதை நம்பித் தின்னாதீங்க, சேலை இடுப்புல தளருதான்னு பாருங்கன்னார். எங்க ஊட்டுக்காரரோட நான் பேச்சைக் குறைச்சுக்கிட்டேன். சண்டை, ஓரியாட்டம்னு எதுவும் போடலை. கத்துனா ஆத்திரம் தீர்ந்து போயிரும், தீரக்கூடாதுன்னு இருந்தேன்.

எடை எறங்குச்சு. கேட்ட பத்தும் எறங்கி, அதுக்கு மேலயும் எறங்குச்சு. எப்பவும் போல அவரும் கூட வந்தார், ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நர்சு தட்டிக் குடுத்தாங்க. டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்து, நீங்க ரெடிம்மான்னார். அப்புறம் தம்பி ரிப்போர்ட்டை எடுத்தார். இருதயம் பம்ப் பண்றது நெம்பக் குறைஞ்சிருக்குது, இப்ப ஆபரேசன் தாங்க மாட்டார், நாலு மாசம் முன்னாடின்னா செஞ்சிருக்கலாம்னார். மருந்து குடுத்துப் பார்க்கலாம், தேறுனாச் செய்யலாம்னார். தேறுவானான்னு கேட்டேன். பார்க்கலாம்மான்னார்.

மேல வார்டுக்குப் போனோம். தம்பி கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தான். கால் ரெண்டும் வீங்கிப் பளபளன்னு இருந்துச்சு. அவன் பொண்டாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. அவனுக்கு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்திருக்கறார். என்னைப் பார்த்து, இப்படி எளைச்சுட்டியேக்கான்னான். அப்புறம் எங்க ஊட்டுக்காரர் கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டான். அக்காவுக்கு உங்க கையால ஆக்கிப் போட்டீங்களே மாமா, உங்களை மாதிரி யாரு செய்வாங்கன்னு அழுதான். எங்க ஊட்டுக்காரர் கையை இழுத்துக்கலை. "அதுல என்ன மாப்ள இருக்குது"ன்னு சொல்லிட்டு நின்னார்.

அங்கயே, அவன் பொண்டாட்டியும் கேக்கச் சொன்னேன். வாட்ச், நெய், சபையில சொன்ன வார்த்தை, எம்பட எடையை அவர் புடிச்சு நிறுத்துனது, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சொன்னேன். இந்த மனுசன் வட்டல்ல உன்ற உசுரு போச்சுடான்னேன். பக்கத்துக் கட்டில்காரங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. எங்க ஊட்டுக்காரர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

தம்பி கையை விடுவான்னு நினைச்சேன். விடலை.

"மாமாவை வையாதக்கா. நானும் இவளை டெஸ்ட் எடுக்க விடலை. எடுத்துப் பார்க்கலாம்னு அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னுட்டேன்"ன்னான்.

அவன் பொண்டாட்டி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. குழந்தைங்க சின்னதுன்னு ஒறம்பரை சொன்னதுக்கு நானும் தலையாட்டுனவதான். ஆனா இவனே சொல்லி வெச்சுத்தான் அவங்க சொன்னாங்கன்னு அன்னைக்கு எனக்குத் தெரியாது.

"அப்ப நான்டா?"ன்னு கேட்டேன்.

"நீ அக்காதானே"ன்னான்.

அவன் அதைப் பாசமாத்தான் சொன்னான். சொல்லிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சான் வேற. பொண்டாட்டியைக் குடுக்க மனசு வராத ரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தர் கையை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் செருப்பைப் போட்டுக்கிட்டு எறங்கி வந்து, தனியா மல்லசமுத்திரம் பஸ் ஏறுனேன்.

அவன் இன்னும் மருந்துலதான் இருக்கறான். இருதயம் கொஞ்சம் தேறியிருக்குதுன்னு போன வாரம் டாக்டர் சொன்னாராம். நான் எடையை ஏத்தலை. தினமும் காலையில நடக்கறேன். கூப்பிட்டாப் போய்ப் படுப்பேன், குடுப்பேன். அவ சந்தோசமாக் குடுத்தான்னு மட்டும் யாரும் சொல்லிக்க வேண்டாம்.